பார்க்காமலே விற்ற தீவு

பன்னிரண்டு வருஷமாக நான் ஒரு தீவை விற்றுக்கொண்டிருக்கிறேன். வாங்கியவர்கள் யாரும் அதை வீட்டுக்கு எடுத்துப் போகவில்லை. நான்கு நாள் தங்கிவிட்டு, முதுகுத்தோல் உரிந்து, பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு திரும்பி வந்தார்கள். மாலத்தீவில் இருக்கும் பவளத் தீவு அது. ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடக்கப் பத்து நிமிஷம் போதும். பெயரைச் சொல்ல மாட்டேன். அங்குள்ள விடுதிக்காரர்களோடு எனக்கு இன்னும் வியாபாரம் இருக்கிறது.

டன்லப் ஸ்ட்ரீட்டில் முடிவெட்டும் கடைக்கு மேலே என் ஆபீஸ். 'சம்சுன்னிசா டிராவல்ஸ்' என்று என் பெயரிலேயே பச்சை போர்டு தொங்கும். எல்லோரும் கைபேசியிலேயே டிக்கெட் போடும் காலத்தில் யார் மாடியேறி வருகிறார்கள் என்று என் மகனே கேட்கிறான். என் வாய்க்காக வருகிறார்கள். ஐம்பத்து நான்கு வயதில் என்னிடம் தேயாமல் இருப்பது அது ஒன்றுதான்.

என் ஆபீசில் ஒரு வழக்கம் உண்டு. என்னிடம் பதிந்து ஊருக்குப் போனவர்கள், வந்த வாரத்தில் ஒரு தடவை மாடியேறி, டீ குடித்து, பார்த்ததைச் சொல்லிவிட்டுப் போக வேண்டும். நான் ஒரு நீள நோட்டில் எழுதிக்கொள்வேன். 'அழகப்பன் குடும்பம். காலையில் தண்ணீர் பச்சை, மத்தியானம் நீலம். இடுப்பளவு ஆழத்திலேயே பவளம். ஊதா, ரோஸ், முட்டை மஞ்சள்.' இப்படி ஆறு நோட்டு சேர்ந்திருக்கிறது. அடுத்து வருகிறவருக்கு அதிலிருந்து எடுத்து, நானே முங்கிப் பார்த்த மாதிரி சொல்வேன். கேட்டவர் பாஸ்போர்ட்டை எடுத்து மேசையில் வைத்துவிடுவார்.

நானோ அந்தத் தீவில் கால் வைத்ததில்லை. பக்கத்து நாட்டுத் தீவான பாத்தாமுக்குப் போகும் ஃபெர்ரியிலேயே பக்கத்து சீட்டுச் சீன ஆன்ட்டியின் மடியில் வாந்தி எடுத்தவள் நான். அன்றோடு கடலுக்கும் எனக்கும் இருந்த உறவு முடிந்தது.

ஜனவரி மாதம், மழை விடாமல் பெய்த ஒரு செவ்வாய்க்கிழமை, ராமலிங்கம் அண்ணனும் அவர் மனைவி சுதாவும் மாடியேறி வந்தார்கள். முன்பின் தெரியாதவர்கள். ஊரின் மறுகோடியில், சுவா சூ காங்கில் வீடு. அவர் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். சுதாக்கா எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் இருபத்தெட்டு வருஷம் வேலை பார்த்தவர். மைக்ராஸ்கோப்பில் குனிந்து, சிப்பில் தலைமுடியை விட மெல்லிய கம்பி சரியாக ஒட்டியிருக்கிறதா என்று பார்க்கும் வேலை.

நான் வழக்கம்போல ஆரம்பித்தேன். ஊதா, ரோஸ், முட்டை மஞ்சள் எல்லாம் வரிசையாக வந்தது. கண்ணாடி மாதிரி தண்ணீர், கையெட்டும் தூரத்தில் மீன் கூட்டம் என்று அளந்துவிட்டேன்.

ராமலிங்கம் அண்ணன் குறுக்கே கேட்டார். "தங்கச்சி, நீங்க நேர்ல பாத்திருக்கீங்களா?"

"பாக்காம சொல்வேனாண்ணே?" என்றேன், வாய் கூசாமல்.

சுதாக்கா டீ தம்ளருக்காகக் கையை நீட்டினார். தம்ளர் அவருக்கு இடப்பக்கம் இருந்தது. கை அதில் இடித்து, டீ மேசை முழுக்க ஓடியது. நான் பிரோஷரையெல்லாம் தூக்கிக்கொண்டு, "பரவால்லக்கா, பரவால்ல" என்றேன். அண்ணன் தன் கைக்குட்டையை எடுத்துத் துடைத்தார். துடைத்த விதத்திலேயே தெரிந்தது, அவருக்கு இது புதிதில்லை என்று.

"பக்கத்துல இருக்கறது தெரியாது நிசா," என்றார் சுதாக்கா. "கண்ணுல பிரஷர். ரெண்டு கண்ணும். நடுவுல மட்டும் ஒரு வட்டம் தெரியும், அதச் சுத்தி ஒன்னுமில்ல. போன வருஷம் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு இருந்துச்சு. இப்ப சாஸர் அளவுதான். ட்ராப்ஸ் போடுறேன், ஆப்பரேஷன் பண்ணியாச்சு. இன்னும் ஒரு வருஷமோ ரெண்டு வருஷமோன்னு டாக்டர் சொல்லிட்டாரு."

கையிலிருந்த பிரோஷர்களை நாற்காலியில் வைத்தேன்.

"அழுது முடிச்சாச்சு," என்று அவரே தொடர்ந்தார். "வட்டம் மூடுறதுக்குள்ள ஒரு தடவ, ஒரே ஒரு தடவ, நல்லதா ஒன்னு பாத்து வச்சுக்கணும். அப்புறம் இருட்டுல உக்காந்து அதையே திருப்பித் திருப்பிப் பாக்கலாம்ல. டிவில இந்தப் பவளமெல்லாம் பாப்பேன், அதுதான் மனசுல நிக்குது. இவரு சரின்னுட்டாரு."

"வெள்ளிக்கிழமை வந்து முடிவா சொல்றோம்," என்றார் அண்ணன். மனைவியின் கையைத் தன் தோளில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு படியாக எண்ணிச் சொல்லியபடியே இறங்கினார். பதினேழு படிகள். என் ஆபீசுக்குப் பதினேழு படிகள் இருப்பது எனக்கே அன்றுதான் தெரிந்தது.

அன்று மதியம் சோறு இறங்கவில்லை. அஸர் தொழுகையிலும் மனம் நிற்கவில்லை. ஆறாவது நோட்டை எடுத்துப் புரட்டினேன். எனக்குத் தெரிந்துதான் புரட்டினேன், அந்தப் பக்கம் அதில் இருக்காது என்று.

இரண்டு வருஷத்துக்கு முன் ரக்ஷனா என்ற பெண்ணும் அவள் கணவனும் கல்யாணமான கையோடு அந்தத் தீவுக்குப் போனார்கள். உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் டீச்சர். வாரக் கடைசியில் நம் தெற்குத் தீவுகளில் கடல்வாழ் உயிர்களைக் காட்டி விளக்கும் தொண்டூழியர் வேறு. திரும்பி வந்து, என் முன்னால் உட்கார்ந்து, டீயைத் தொடாமல் சொன்னாள்: கடல் சூடாகிவிட்டது ஆன்ட்டி, பவளமெல்லாம் வெளுத்துப்போய்க் கிடக்கிறது, பாதி செத்துப் பாசி பிடித்துவிட்டது என்று. நான் தலையாட்டிக் கேட்டேன். பேனாவை மூடி வைத்துவிட்டேன்.

அவளுக்கு முன்னாலும் இரண்டு மூன்று பேர் அப்படிச் சொன்னதுண்டு. நல்லதை மட்டும் எழுதுவது எனக்குப் பழகிப்போயிருந்தது. மணல் வெள்ளையாகவும் கடல் நீலமாகவும்தானே இருக்கிறது, ஜோடியாகப் போகிறவர்களுக்கு அது போதாதா என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்வேன். இப்போது அந்தச் சமாதானம் எடுபடவில்லை. சாஸர் அளவு வட்டத்தோடு ஒருத்தி அவ்வளவு தூரம் பறந்து போய், செத்த பவளத்தைப் பார்த்து, அதையே மிச்ச காலம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கப் போகிறாள். என் மீதே எனக்கு வெறுப்பாக இருந்தது.

ரக்ஷனாவுக்குப் போன் போட்டு, சுதாக்காவின் கண்ணைப் பற்றிச் சொன்னேன்.

"இப்ப எப்படிம்மா இருக்கு அது? திரும்ப வந்திருக்குமா?"

"சில எடத்துல recover ஆகுது ஆன்ட்டி. பட் நீங்க customers-கிட்ட சொல்வீங்கள்ல அந்த purple, pink, அதெல்லாம் இல்ல. அதோட அவங்க மூச்சுக்குழாய் மாட்டி மெதந்து snorkel பண்ணணும். பக்கமா வர்றது தெரியாதவங்க அலைல பயந்துடுவாங்க லா."

"அப்ப என்னதான் செய்யறது?"

அவள் எதையோ புரட்டும் சத்தம் கேட்டது. பிறகு கேட்டாள். "ஏன் அவ்வளவு தூரம்? சனிக்கிழமை சாயங்காலம் low tide. சிஸ்டர்ஸ் ஐலண்ட்ல எங்க group நடக்கப் போகுது. தண்ணி எறங்கிடும், முட்டிக்குக் கீழதான் இருக்கும். நீந்த வேணாம். எல்லாமே கால் பக்கத்துல, சின்னச் சின்னதா இருக்கும். ரெண்டு பேருக்கு எடம் இருக்கு."

"அங்க உயிரோட இருக்கா?"

"எல்லாம் இல்ல ஆன்ட்டி. இருக்கறது இருக்கு."

இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவள் நான். மெரினா சவுத் படகுத்துறையிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய இடத்தில் பவளம் இருக்கிறது என்பதை ஒரு வாடிக்கையாளருக்கும் சொன்னதில்லை. பத்துப் பன்னிரண்டு டாலர் படகு டிக்கெட்டில் எனக்கு என்ன கிடைக்கும்?

மறுநாள் மாலை சுவா சூ காங் போனேன். போனிலேயே சொல்லியிருக்கலாம், ஆனால் திட்டு வாங்குவதை நேரில் வாங்குவதுதான் மரியாதை என்று தோன்றியது. எட்டாவது மாடி. சுதாக்கா கதவைத் திறந்து, என் முகம் தன் வட்டத்துக்குள் வரும் வரை தலையை மெல்ல அசைத்து, "நிசாவா, வாங்க" என்றார்.

உட்காரும் முன்பே கொட்டிவிட்டேன். தீவில் பவளம் வெளுத்துப்போனதை. அது தெரிந்தே நான் சொல்லாததை. நான் அங்கே போனதே இல்லை என்பதை.

ராமலிங்கம் அண்ணனுக்கு முகம் சிவந்துவிட்டது. "நான் கேட்டேன்ல? நேர்ல பாத்தீங்களான்னு கேட்டேன்ல? கண்ணு போற பொம்பளகிட்டயா கதை விடுவீங்க?"

"தப்புதாண்ணே. அப்ப எனக்குத் தெரியாது..."

"கண்ணு நல்லா இருந்தா மட்டும் ஏமாத்தலாமா?"

பையிலிருந்து ஆறு நோட்டையும் எடுத்து டீப்பாயில் வைத்தேன். எதற்காக எடுத்துப் போனேன் என்று எனக்கே தெரியாது. குற்றவாளி சாட்சியையும் கையோடு கொண்டுபோன மாதிரி இருந்தது.

சுதாக்கா முதல் நோட்டை எடுத்து மூக்குக்கருகே வைத்து, ஒவ்வொரு சொல்லாக நகர்த்திப் படித்தார். நிதானமாகப் படித்தார். அண்ணன் கோபத்தை எங்கே வைப்பதென்று தெரியாமல் எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்தார். எனக்கும் ஒரு கிளாஸ் வைத்தார்.

"இதெல்லாம் ஒவ்வொருத்தரும் வந்து சொன்னதா?" என்று கேட்டார் சுதாக்கா.

"ஆமாக்கா."

"நல்லாத்தான் எழுதியிருக்கீங்க. என் லைன்ல இப்படித்தான் ஒருத்தி இருந்தா. கெட்ட பீசே வராது அவகிட்ட. எல்லாம் பாஸ். நாங்கெல்லாம் ஆச்சரியப்படுவோம். அப்புறம்தான் தெரிஞ்சுது, கெட்டத அவ எழுதறதே இல்லன்னு." நோட்டை மூடினார். "அவள வேலைய விட்டுத் தூக்கிட்டாங்க."

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சிஸ்டர்ஸ் ஐலண்ட் விஷயத்தைச் சொன்னேன். இந்தத் தடவை எதையும் ஊதிப் பெருக்கவில்லை. சேறு இருக்கும், கலங்கல் தண்ணீர், மழை வந்தாலும் வரலாம், என்ன தெரியும் என்று உறுதி சொல்ல முடியாது என்றேன். இவ்வளவு மோசமாக நான் எதையும் விற்றதில்லை.

"போலாம்," என்றார் சுதாக்கா. "ஆனா ரெண்டாவது டிக்கெட் இவருக்கில்ல. நீங்க வர்றீங்க."

"அக்கா, எனக்குக் கடல்னா..."

"தெரியும். அதான் இத்தன நோட்டு எழுதியிருக்கீங்க. இந்தத் தடவ நீங்களும் பாருங்க. நீங்க பாத்துட்டுச் சொன்னா நான் நம்பறேன்."

சனிக்கிழமை மூன்றரை மணிக்குப் படகு கிளம்பியது. நான் இஞ்சி மிட்டாயை வாயில் அடக்கிக்கொண்டு, கையில் பிளாஸ்டிக் பையோடு, தெரிந்த துஆ அத்தனையும் ஓதினேன். படகுத்துறை வரை வந்து வழியனுப்பிய ராமலிங்கம் அண்ணன் என்னிடம் சொன்னது ஒன்றுதான். "அவ கால் வைக்கிற எடத்த நீங்கதான் பாக்கணும்." கோபம் முழுதாகப் போகவில்லை, ஆனால் மனைவியை என்னிடம் ஒப்படைத்திருந்தார். அந்தப் பயத்தில் வாந்தி வர மறந்துவிட்டது.

தீவில் இறங்கினோம். மழை இல்லை. தண்ணீர் விலகிப்போய்க் கரை நீண்டு கிடந்தது. தூரத்தில் எண்ணெய்க் கப்பல்கள் வரிசையாக நின்றன. ரக்ஷனா எங்கள் இருவரையும் தன் பக்கத்திலேயே வைத்துக்கொண்டாள். மணல் உள்ள இடத்தில் மட்டும் கால் வையுங்கள், எதையும் தொடாதீர்கள், எதையும் எடுக்காதீர்கள் என்றாள். சுதாக்கா என் வலது தோளைப் பிடித்துக்கொண்டார். "இங்க மணல்... இங்க கல்லு, தாண்டுங்க... இப்ப குழி," என்று சொல்லிக்கொண்டே நடந்தேன்.

உண்மையைச் சொல்கிறேன். எனக்கு எதுவுமே தெரியவில்லை. பழுப்புச் சேறு, பழுப்புக் கல், பழுப்புப் பாசி. பவளம் என்று ரக்ஷனா காட்டியதும் பழுப்புதான், ஓரத்தில் கொஞ்சம் பச்சை. ஊதா எங்கே, ரோஸ் எங்கே என்று என் கண் அலைந்தது. ஏமாற்றியது போதாதென்று இந்த மனுஷியைச் சேற்றுக்கு இழுத்து வந்துவிட்டேனே, கடைசியாகப் பார்த்து வைத்துக்கொள்ள இதுதானா என்று அழுகை முட்டியது.

ரக்ஷனா காட்டிய இடத்திலெல்லாம் சுதாக்கா குனிந்து நின்றார். மற்றவர்கள் பார்த்து, படம் எடுத்து, நகர்ந்துபோன பிறகும் நின்றார். கம்பளம் போல விரிந்து கிடந்த கடல் உயிர் ஒன்றின் மடிப்புக்குள் ஆரஞ்சு நிற மீன் ஒன்று ஒளிந்து ஒளிந்து வந்தது. அதை வெகுநேரம் பார்த்தார். என் தோளைப் பிடித்திருந்த விரல்கள் தளர்வதும் இறுகுவதுமாக இருந்தன.

ஆறு மணிக்குப் பிறகு ரக்ஷனா கையைத் தட்டினாள். "தண்ணி ஏற ஆரம்பிச்சிடுச்சு. திரும்பிடலாம்."

நான் திரும்பினேன். சுதாக்கா திரும்பவில்லை.

"இருங்க," என்றார் தாழ்ந்த குரலில். "அந்தக் கல்லு மூச்சு விடுது."

நான் பார்த்தேன். கல் கல்லாகத்தான் இருந்தது. ரக்ஷனா வந்து குனிந்தாள். "எந்தக் கல்லு ஆன்ட்டி?" என்று அவளும் தேடினாள். இத்தனை வருஷம் இங்கே நடந்தவளுக்கும் தெரியவில்லை.

சுதாக்கா தோளிலிருந்து கையை எடுத்து என் தாடையைப் பிடித்தார். குழந்தையின் முகத்தைத் திருப்புவது போலக் கொஞ்சம் கீழே, கொஞ்சம் இடது பக்கம் திருப்பினார். "எல்லாத்தையும் பாக்காதீங்க நிசா. ஒரு சாஸர் அளவு மட்டும் பாருங்க. அசையாம பாருங்க. நான் பாக்கற மாதிரி."

பார்த்தேன். பாசி பிடித்த ஒரு முண்டு. அது மெல்ல உப்பியது, மெல்ல வற்றியது. அதில் ஒரு கண் இருந்தது. அந்தக் கண் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. அடுத்த நொடி பழுப்பு அப்படியே கரைந்து சிவப்பானது, சிவப்பில் வெள்ளைப் புள்ளிகள் எழும்பின, எட்டுக் கைகளும் ஒன்றொன்றாகப் பிரிந்து கல்லைவிட்டு இறங்கின. ஆக்டோபஸ். நீருக்குள் வழிந்து, இன்னொரு கல்லின் மேல் ஏறி, சாம்பல் நிறமாகி, மறுபடி கல்லாகிவிட்டது.

"Oh my God," என்றாள் ரக்ஷனா. குழுவிலிருந்த மற்றவர்கள் ஓடி வந்தபோது காட்ட ஒன்றுமில்லை.

நான் அழுதுகொண்டிருந்தேன். எதற்கென்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. சந்தோஷம்தான் அதிகம் இருந்தது. சுதாக்கா என் பக்கம் முகத்தைத் திருப்பி, என் கண் தன் வட்டத்துக்குள் வரும் வரை காத்திருந்தார்.

"இப்ப நேர்ல பாத்துட்டீங்களா?" என்றார்.

"பாத்துட்டேன்க்கா."

திங்கட்கிழமை பதினோரு மணிக்குப் படியில் குரல் கேட்டது. "பதினஞ்சு, பதினாறு, பதினேழு." ராமலிங்கம் அண்ணன் சுதாக்காவை நாற்காலியில் உட்கார வைத்தார். நான் டீயை அவருக்கு நேர் எதிரே, வட்டத்துக்குள் வைத்தேன். வழக்கம் வழக்கம்தானே. புது நோட்டு ஒன்றை எடுத்து, முதல் பக்கத்தைத் திறந்து, பேனாவோடு உட்கார்ந்தேன்.

"சொல்லுங்கக்கா. பாத்தத சொல்லுங்க."

அவர் டீயை எடுத்து ஒரு மிடறு குடித்தார். "நான் சொல்ல வரல. நீங்க சொல்லுங்க, நான் கேக்கறேன். கேட்டுட்டு, சரியான்னு பாக்கறேன். அப்புறம் எழுதி வையுங்க."

"நானா?"

"பின்ன? வட்டம் மூடுனப்புறம் நான் இங்க வருவேன்ல. அப்ப எனக்கு இதத் திருப்பிச் சொல்ல, கூடப் பாத்த ஆளு நீங்க ஒருத்திதான் இருக்கீங்க." தம்ளரைக் கவனமாகக் கீழே வைத்தார். "ஒன்னு விடாம எழுதுங்க நிசா. நல்லது மட்டும் வேணாம்."

ராமலிங்கம் அண்ணன் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். நான் பேனா மூடியைத் திறந்து, சேற்றிலிருந்து சொல்ல ஆரம்பித்தேன்.